கிற்றாருக்குத் தண்ணீர் வைப்பவர்

கிளிநொச்சியில் ஒரு வீட்டில் ஆட்கள் படுக்கும் அறைக்கு மின்விசிறிகூட ஒழுங்காக இல்லையாம், ஒரு கிற்றாருக்கு மட்டும் ஏசி பூட்டிய தனியறை இருக்கிறதாம். எனக்கு முடி வெட்டுபவர் சொன்னார். அவருக்கு மச்சான் சொன்னாராம். மச்சான் நேரில் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை, வவுனியா பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மச்சானுக்குச் சொன்னதாம்.

செய்தி பிழை. ஏசி கிடையாது. மிச்சம் எல்லாம் சரி. அது ஜெயந்தனின் வீடு. ஜெயந்தன் ரொறன்ரோவில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். நான் இங்கே அறிமுகப்படுத்தப் போகிற இனத்துக்கு அவர் ஒரு குறையும் சொல்ல முடியாத உதாரணம். இனத்தின் பெயர், கிற்றார் வைத்திருப்பவர். கிற்றார் வாசிப்பவர் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வைத்திருப்பவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவரிடம் எப்போதும் இரண்டு கிற்றார் இருக்கும்: ஒன்று இருக்கிற நாட்டில், மற்றது "போகேக்க வாசிக்க" ஊரில். நல்லது ஊரில்தான் இருக்கும். அது ஐம்பது வருசப் பழையது, மரம் மகோகனி, அந்த மரத்தை வெட்டின ஆள் எந்த மலைப் பக்கம் என்பதுவரை சொல்லுவார். கம்பி மாற்ற மாட்டார். துரு ஏறிய கம்பியில்தான் உண்மை இருக்கிறதாம். பாட்டை அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, ரொறன்ரோவில் நின்றால் வயல் வரம்பைப் பாடுவார், வயல் வரம்புக்கு வந்தால் ரொறன்ரோப் பனியைப் பாடுவார். சுருதி சேர்க்கப் பத்து நிமிடம். பாட்டுப் பிறந்த கதைக்கு இருபது நிமிடம். பாட்டு? மூன்று நிமிடம். அதிலும் இரண்டாம் சரணம் மறந்துபோகும்.

ஜெயந்தன் அந்த மகோகனியை இரண்டு வருசத்துக்கு முன்னர் விமானத்தில் மடியில் வைத்துக் கொண்டுபோய், வீடு குடிபூரலில் ஒரு பாட்டுப் பாடி, முன்னறையில் வைத்துப் பூட்டினார். திறப்பு என்னுடைய ஒன்றுவிட்ட அக்கா அமராவதியிடம். அவ வீட்டின் பின்பக்கத்தில் இருந்துகொண்டு முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறா. ஜெயந்தன் சொல்லிவிட்டு வந்த நிபந்தனைகள் மூன்று. யன்னல் திறக்கக் கூடாது. பெட்டிக்குள் எந்நேரமும் ஈரத்துணி இருக்க வேண்டும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர். காற்று வறண்டால் மரம் வெடித்துவிடும் என்று அவர் ஆங்கிலத்தில் வாசித்திருந்தார். வாசித்தது உண்மைதான். மாசி மாதம் ஹீற்றர் ஓடுகிற ரொறன்ரோ வீடுகளுக்காக எழுதியது.

ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவார்.

"தண்ணி வைச்சனீங்களோ அக்கா?"

"காலமையும் பின்னேரமும் மாத்துறன் தம்பி."

பூட்டிய பெட்டியைக் காட்டுவா. அவரும் திருப்தியாகப் போய்விடுவார். குசினியில் போத்தலுக்குள் உப்பு தானாகக் கரைந்து வழிகிற கார்த்திகை மழையிலும் அக்கா பெட்டியை ஒரு கை நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து துணியை நனைத்துப் போட்டா. சொல்லைக் காப்பாற்றுகிற மனுசி.

இனி, வாசிப்பவர். கௌசலா, துணுக்காய்ப் பக்கம், முன்பள்ளி ஆசிரியை, இருபத்துநாலு வயது. தானே எழுதின பாட்டு ஒன்பது வைத்திருக்கிறாள். ஒன்றுக்கும் முன்கதை சொல்லுவதில்லை. வவுனியாவில் இந்தச் சனிக்கிழமை ஒரு நிகழ்ச்சி. முதல் தடவையாக அவளுடைய பெயர் நோட்டீசில் வந்திருக்கிறது. போன மாதம் தகரக் கூரைக்குக் கீழே இருந்த அவளுடைய மலிவுக் கிற்றாரில், கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற கட்டை வெக்கைக்குப் பசை விட்டுக் கழன்று போனது. கிற்றாரோடு வராவிட்டால் அவளுடைய நேரத்தைக் கரோக்கிக் கோஷ்டிக்குக் கொடுப்போம் என்று ஒழுங்குசெய்பவர்கள் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

ஏசி அறைக் கதை அவளுக்கும் எட்டி, அக்காவுக்குப் போன் எடுத்திருக்கிறாள். அக்கா ஜெயந்தனிடம் கேட்டா. வைத்திருப்பவர் ஒருநாளும் இல்லை என்று சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார். பிள்ளை நகத்தால் தட்டுறவவோ? பஸ்ஸிலயோ வானிலயோ? பஸ் எண்டால் மடியிலயோ மேல்தட்டிலயோ? வியர்க்கிற கையோ? கடைசியில், "யோசிச்சுச் சொல்லுறன் அக்கா." அது திங்கட்கிழமை. அதற்குப் பிறகு அக்காவின் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை, யோசிப்பதாக இருக்கும்.

வியாழன் பின்னேரம் கௌசலா நேரில் வர, பார்ப்பதில் என்ன பிழை என்று அக்கா முதல் தடவையாகப் பெட்டியை முழுதாகத் திறந்தா. நடந்ததை எனக்குப் போனில் சொன்னதும் அவதான். துணியில் பூஞ்சணம். கிற்றாரின் முன்பலகை சீனியப்பம்போல உப்பிக் கிடந்ததாம். கம்பி எழும்பி, கம்பிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு விரல் போகுமாம்.

"அன்ரி, இது ரெண்டு வருசம் தண்ணி குடிச்சிருக்கு" என்றாளாம் கௌசலா.

"அவர் சொன்னதைத்தான் பிள்ளை நான் செய்தனான்."

அவள் சிரிக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. கம்பியைத் தளர்த்தி, துடைத்து, யன்னலைத் திறந்துவிட்டு, ஒரு மணித்தியாலம் இருந்து தட்டிப் பார்த்திருக்கிறாள். "கழுத்தில மேல மூண்டு கட்டத்துக்குள்ள சத்தம் நேரா வருது. என்ர பாட்டுக்கு அது காணும். அவர் ஓமெண்டா கொண்டுபோறன்."

அவ்வளவுதான் தேவை. ஒரு ஓம். ஆளின் சொல் இல்லாமல் ஆளின் சாமானை அக்கா கொடுக்க மாட்டா. அதனால் எனக்குப் போன் எடுத்தா. நான் நேரே கேட்டுச் சொல்லுறன் என்றேன்.

இப்போது வெள்ளி மாலை ஏழே முக்கால். அங்கே சனி விடிய ஆறேகால். வவுனியா பஸ் ஆறரைக்கு. கௌசலா அக்காவின் குசினி வாசலில் நிற்கிறாள். நான் ஜெயந்தனின் நிலக்கீழ் அறையில் இருக்கிறேன். வரும்போதே அவர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். சேர்ந்து முடிய வாயைத் திறந்தேன். அவர் பாட்டின் கதையைத் தொடங்கிவிட்டார். பாட்டுக் கேட்க வந்த எட்டுப் பேர் தலையாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். மேசையில் அவருடைய போன் அதிர்ந்தது. திரையில் அமராவதி அக்கா. அவர் கதையை நிறுத்தாமலே ஒரு விரலால் அதைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வரி குறுக்கே சொன்னால் போதுமே என்று என்மேல் உங்களுக்குக் கோபம் வரும். நியாயம். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஊரில் உங்களுக்கு ஒரு பூட்டிய அறை இல்லையா? உள்ளே பொலித்தீன் கழற்றாத சோபா, ஒருவரும் தைக்காத தையல் மெசின், திறப்பு யாரோ ஒரு அக்காவிடம்? அவ எடுக்கும்போதெல்லாம் நீங்கள் கார் ஓடிக்கொண்டிருப்பதில்லையா? அப்படியானால் கிற்றார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களையும் இனத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

என்னுடைய சட்டைப்பையில் அதிர்கிறது. அவதான். ஜெயந்தன் முதல் வரி எங்கே வைத்து வந்தது என்ற இடத்துக்கு வந்திருக்கிறார், இதில் எழும்பினால் மரியாதை இல்லை. ஏழு ஐம்பத்தாறு. பஸ்ஸுக்கு நாலு நிமிடம். இன்னும் அடிக்கிறது.