நூற்றுப் பதினாறு கிலோ முன்பாரம்

தங்கள் படகில் செவர்ன் கழிமுகத்தைக் கடந்து முடிக்கும்வரை தன் மனைவி மோரீன், படகுக்கு வழிகாட்ட வரும் பைலட் கேரெத்தின் பக்கத்தில் நிற்கவே கூடாது. டெரெக் அப்படித் தீர்மானித்துவிட்டார்.

கால்வாய்க்கென்று செய்த ஒடுங்கிய படகை அலையடிக்கும் நீரில் இறக்க வேண்டுமானால், அந்த நீரை அறிந்த பைலட் கூடவே வர வேண்டும். கேரெத்துக்கு ஆறடி உயரம், வெள்ளித் தாடி, தொப்பை கிடையாது. காற்று சரியில்லையென்று பயணம் மூன்று முறை தள்ளிப்போனது. மூன்று முறையும் மோரீன்தான் அவருக்குப் போன் செய்தாள். கடைசி முறை அவள், "அவருக்குத் தெரிய வேணாம்" என்று கிசுகிசுத்தது டெரெக் காதில் விழுந்தது. இரண்டு நாள் அவருக்கு டீகூட இறங்கவில்லை.

புறப்படும் காலையில் மோரீன் எலுமிச்சை கேக் செய்தாள். டெரெக்கின் பிறந்தநாளுக்கு மட்டும் செய்கிற கேக். பிறந்தநாளோ நவம்பரில்.

"யாருக்கு கேக்?"

"பசிக்கிறவங்களுக்கு."

டெரெக் அலைத்தண்ணீர் புகாமலிருக்க முன்கதவை டேப் ஒட்டி அடைத்தார். அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது.

"மோரீன், முன்னறையில ஒரு ஆள் உட்காரணும். பாரம் இல்லன்னா படகோட மூக்கு தூக்கிடும். நீ அங்க இரு."

"அப்படியா?" என்றவள், ஷார்ப்னஸ் துறையில் ஏறிய கேரெத்திடம் திரும்பினாள். "முன்னாடி வெயிட் வேணுமாமே?"

கேரெத் அவளைப் பார்த்தார். டெரெக்கையும் பார்த்தார். "கட்டாயம் வேணும்மா. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது."

"நான் ஐம்பத்து மூணு கிலோதான். இவர் நூத்திப் பதினாறு."

டெரெக் முன்னறைக்குப் போனார்.

பின்கோடியில் இருந்த சுக்கானுக்கும் அவருக்கும் நடுவில் ஐம்பது அடி. வட்ட ஜன்னலில் பழுப்புத் தண்ணீர் எகிறி அடித்தது. பாலங்கள் இரண்டும் தலைக்குமேல் போயின. எஞ்சின் சத்தத்தையும் மீறி மோரீனின் சிரிப்பு கேட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் தனக்குக் கிடைத்த சிரிப்புகளை டெரெக் எண்ணிப் பார்த்தார். கேரெத் ஒரு மணி நேரத்தில் முந்திவிட்டார்.

பொறுக்க முடியாமல் டெரெக் எழுந்தார். பின்னாலிருந்து கேரெத்தின் குரல் வந்தது.

"சார், உட்காருங்க! மூக்கு தூக்குது!"

உட்கார்ந்தார்.

போர்ட்டிஸ்ஹெட் துறையில் படகைக் கட்டியதும் பாய்ந்து வெளியே வந்தார். தட்டில் கேக் துணுக்குதான் மிச்சம்.

"மூணு மணி நேரம் அப்படி என்ன பேச்சு?"

"பேச எங்க சார் நேரம்?" என்றார் கேரெத். "முழு தூரமும் அம்மாதான் ஓட்டினாங்க. ஒவ்வொரு அலையையும் தாண்டறப்ப ஒரு சிரிப்பு! 'படகு வாங்கி பதினோரு வருஷமா இவர் என்னை சுக்கானைத் தொட விடல, நீங்களாவது தருவீங்களா, அவருக்குத் தெரிய வேணாம்'னு போன்லயே கேட்டுட்டாங்க."

டெரெக்குக்கு உயிர் வந்தது. உடனே மானமும் வந்தது.

"சரி சரி. நாளையிலிருந்து நான்தான் ஓட்டுவேன்."

"தாராளமா ஓட்டுங்க" என்றாள் மோரீன். "ஆனா முன்னாடி பாரம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஐம்பத்து மூணு கிலோ போதுமா, இல்ல காலையில சும்மாதான் சொன்னீங்களா?"

மறுநாள் காலை டெரெக் தன் டீயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார்.