வத்தல் கிட்டங்கியில் ஒரு கண்சிமிட்டல்

விருதுநகரில் உண்மை பேசியே ஊரைப் பகைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் பல்லி சார்தான். ஐம்பதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே மாடியில் பக்கத்து அறைக்காரர்கள். நான் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளை. அவர் பின்தெருப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். பையன்கள் நன்றாகப் படிக்கிறார்களா என்று கேட்ட இன்ஸ்பெக்டரிடம், "இல்லைங்கய்யா" என்று சொன்ன புண்ணியவான். சாம்பார் எப்படி என்று மெஸ்காரர் இவரிடம் கேட்டுத் தொலைத்த நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்குமே அங்கே சாப்பாடு நின்றது.

அவருக்கு ஒரே பைத்தியம், மண்ணுக்குள் வாழும் காலில்லாப் பல்லி. பார்த்தால் மண்புழுவுக்கு அண்ணன், பாம்புக்குத் தம்பி. ஆனால் பிறப்பால் பல்லி என்பார். ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போய்த் தோண்டிவிட்டு, சிவகாசி வெடிப்பெட்டி நிறைய மண்ணோடு பஸ் ஏறுவார். பெட்டியைப் பார்த்ததுமே பக்கத்து சீட்டு காலியாகிவிடும்.

ஒருநாள் எங்கள் கடையின் சரக்குக் கிட்டங்கியில் மூட்டையைப் புரட்டினால், மண்தரையில் அதுவே நெளிகிறது! சாண் நீளம், பென்சில் கனம்.

"மண்ணுளிப் பாம்புலே! நக்குனா தோலு வெளுத்துரும்!" என்று மூட்டை தூக்கும் சுடலை கம்பை எடுத்துவிட்டார். நான் ஓடிப்போய் பல்லி சாரை இழுத்து வந்தேன்.

"அடிக்காதீக! இது பல்லி. பாம்புக்கு இமை கிடையாது. இது கண்ணை மூடித் தொறக்கும். தொறந்தா விட்டுருவீகளா?"

"தொறக்காட்டி?"

சார் சுடலையின் கம்பைப் பார்த்தார். "அப்பம் அடிச்சிருங்க."

பிழைக்கத் தெரியாத மனுஷன்! முதலாளியும் சரியென்று தலையாட்டிவிட்டார். வத்தல் புடைக்கும் சுளகில் மண்ணோடு அதை வைத்து, சுற்றிலும் எட்டுப் பேர் குந்தினோம். வத்தல் நெடியில் அரைமணி நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருப்பது நடக்கிற காரியமா? முதலில் முதலாளி தும்மினார். மரியாதைக்கு நானும் தும்மினேன். அப்புறம் எட்டு மூக்கும் சரவெடிதான். பல்லி மட்டும் அசையாமல் கிடந்தது. அதற்குக் கண் என்று இருந்ததே பாதிக் கடுகு.

பெரிய தும்மல் ஒன்று ஓய்ந்த நேரம் சார் கத்தினார்: "இந்தா, சிமிட்டிருச்சு!"

"யாரு பாத்தா? நாங்க பாக்கலயே!" சுடலை கம்பை ஓங்கினார்.

துண்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்த நான், "நான் பாத்தேன்" என்றேன்.

கணக்கப்பிள்ளை சொன்னால் கடையில் மறுபேச்சு கிடையாது. கம்பு இறங்கியது. சார் சுளகோடு கொல்லைக்கு ஓடினார்.

"ஆராய்ச்சிக்கு வேண்டாமா சார்?"

"பாவம், இன்னைக்கு அது பட்டது போதும்" என்று மண்ணில் விட்டார். கண்மூடித் திறப்பதற்குள் காணோம்.

பத்து வருஷம் கழித்து மாற்றலாகிப் போனார். ரயிலடியில் எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நான் ஒண்ணும் பாக்கல."

வெடிப்பெட்டியை மடியில் வைத்திருந்த பல்லி சார் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். ஜன்னலோரம் குனிந்தார்.

"சத்தம் போடாதீக. நானும் பாக்கல."

ரயில் நகர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அந்தச் "சிமிட்டிருச்சு"தான். அந்த ஒரு பொய்க்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.