கெத்தினின் கால் வீங்கிய சனிக்கிழமை

டென்பியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கும் என் அருமை அக்கா டெலித்துக்கு, தங்கை கெய்ன்வென் எழுதுவது. இங்கே சௌக்கியமாக இருப்பது அடுப்படிப் பூனை மட்டும்தான். உன் மாடியறையை உடனே காலி செய்து வை. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம், நிரந்தரமாக! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இருபது வருடத்துக்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து என் வீட்டுக்காரர் ஐர்வின் இந்த ஊருக்குக் கொண்டுவந்தது ரயில் நிலையத்துக்கு ஒரு கூரை, அதுவும் ஒழுகுகிறது. தேர்தலில் தோற்று வீட்டோடு வந்ததிலிருந்து நான் படும் பாடு உனக்குத் தெரியும். கேக் வெந்து அடுப்பு மணி அடித்தால், சபையில் ஓட்டெடுப்புக்குக் கூப்பிடும் மணி என்று கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். உப்பு வேண்டுமென்றால் வாய்திறந்து கேட்கமாட்டார், பேச வாய்ப்புக் கேட்டுச் சபாநாயகர் கண்ணில் படுவதற்குச் செய்வதுபோல என் எதிரே எழுந்து எழுந்து உட்காருவார். அதனால் ஊர்த் தோட்டச் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கிறேன் என்று இவர் சொன்னதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "இதுலயும் தோத்தா இந்த ஊர்லயே இருக்கமாட்டேன்"னு சபதம் வேறு.

எதிர்த்து நின்றவள் ரொட்டிக்கடை பிளாட்வென். சனிக்கிழமை காலை ஓட்டுப் போடக் கிளம்பும்போது போன் அடித்தது. கெத்தின்! எதிர்க்கட்சியில் இருந்து, இவரைப் போலவே தோற்று, எங்கள் தெருவுக்கே குடிவந்தவர். சபையில் இருந்த காலமெல்லாம் இவர்கள் ஜோடி. ஒருவர் ஓட்டெடுப்புக்கு வரமுடியாவிட்டால் மற்றவரும் போகமாட்டார், எதிரெதிர் ஓட்டு இரண்டும் கழிந்துபோகும்.

"ஐர்வின், குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்பா. கால் பூசணிக்காயாட்டம் வீங்கிடுச்சு. ஓட்டுப் போட வரமுடியாது."

போனை வைத்த கையோடு இவர் கோட்டைக் கழற்றிவிட்டார் அக்கா!

"அப்ப நானும் போகலே."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? நிக்கிறதே நீங்கதான்! உங்க ஓட்டை உங்களுக்கே போடாம இருப்பீங்களா?"

"குடுத்த வாக்குன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு அதெல்லாம் புரியாது."

நான் மட்டும் ஓடினேன். எண்ணினார்கள். ஒரே ஓட்டில் தோல்வி! பிளாட்வென் என் கையில் கேக் பொட்டலத்தைத் திணித்து, "பாவம், ஐர்வினுக்குக் குடு" என்றாள். வந்த ஆத்திரத்தில் அங்கேயே வீசியிருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் நேரே தோட்டத்துக்குப் போனார். மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சாக்கில் வைத்துக் கட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே மாடியறை. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் முழங்காலை ஆண்டவர் குணமாக்கட்டும்.

உன் தங்கை,
கெய்ன்வென்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் கெத்தினை நாலு கேள்வி கேட்கப் போனேன். "உங்க எதிர் ஓட்டுக்காக இவர் தன்னோட ஓட்டை விட்டாரே!" என்றேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். "எதிர் ஓட்டா? நான் ஐர்வினுக்குல்ல போட இருந்தேன்! வரமுடியலேன்னா அவனைக் கூப்பிட்டுச் சொல்றது பழக்கம், அவ்வளவுதான். இது தெரிஞ்சிருந்தா நொண்டியாவது வந்திருப்பேனே!"

இவருக்கு விழவேண்டிய ஓட்டு இரண்டையும் இவர்களே கழித்திருக்கிறார்கள் அக்கா! சொன்னால் இவர் இடிந்துபோவார் என்று பயந்துகொண்டே சொன்னேன். குதித்து எழுந்தார். "கெத்தினா? எனக்கா? ஒரு எதிர்க்கட்சிக்காரன் எனக்கு ஓட்டுப் போட இருந்தானா? என் ஆயுசுல இதான் முதல் தடவை!" பிளாட்வென் கொடுத்த கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இன்னும் வரவில்லை. இரண்டு பேரும் சிரிப்பது தெருமுனைவரை கேட்கிறது. அடுத்த வருடமும் நிற்கிறாராம், வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கப்போவது கெத்தினாம். மாடியறையை வாடகைக்கு விட்டுவிடு.