காயட்டும் மேஸ்திரியும் எங்கள் வேன் கூரையும்

தண்ணீரைத் துளிகூட நம்பாத மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ரேணிகுண்டாவில் வேன் பட்டறை வைத்திருந்தார். நிஜப் பெயர் என்னவென்று பட்டறைக்கு வந்த யாருக்கும் தெரியாது. வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "காயட்டும்" என்பார். அதனால் அவர் காயட்டும் மேஸ்திரி.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கினேன். உள்ளே கட்டில், அடுப்பு, கூரையில் காற்றுக்கு ஒரு திறப்பு எல்லாம் வைத்து, கேம்பர் வேன் என்கிறார்களே, அப்படி ஆக்கினேன். முதல் பயணத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து ஒரு சொட்டு, குறி பார்த்ததுபோல, என் மனைவி ராஜேஸ்வரியின் நெற்றியில் விழுந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, இன்னொரு சொட்டு விழுந்தால் வேனை விற்றுவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். கத்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மறுநாளே கடையில் பாத்ரூமுக்குப் பூசுகிற சிலிக்கான் நாலு ட்யூப் வாங்கி, கூரை முழுக்க நானே அப்பினேன். அப்படியும் ஒழுகியது. அவளுக்குத் தெரிவதற்குள் துடைத்துவிட்டு, எதற்கும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று சொல்லி அவளையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி ஏணியில் ஏறினார். ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. இறங்கியதும் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"இத யார் சார் பூசினது?"

யாரோ ஒருத்தன் என்றேன்.

"அவன வண்டி கிட்டயே வுடாதீங்க."

ராஜேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சிலிக்கான் இருக்கிற இடத்தில் வேறு எதுவும் ஒட்டாதாம். இரண்டு நாள் உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பிறகு ஜன்னல் சட்டத்துக்கு அடியில் தண்ணீர் புகாமல் அடைக்கிற, பிசுபிசுவென்ற பியூட்டைல் டேப் வைத்தார். கூரைக்கு ஒரு பசை, பக்கச் சுவருக்கு ஒரு பசை. கூரையில் போடுவது தானாகப் பரவிச் சமமாக வேண்டுமாம். சுவரில் போடுவது வழியாமல் நிற்க வேண்டுமாம். சம்பந்தம் பேசும் இடத்தில் இரண்டு மாப்பிள்ளைகளின் குணத்தைச் சொல்வதுபோல விளக்கினார். நானும் உதவுவோமே என்று ஜன்னலுக்குக் கீழே இருந்த சின்ன ஓட்டைகளை அடைக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழி வேண்டாமா என்றார்.

அடுத்து வந்தது பரீட்சை. முகத்துக்குப் போடுகிற பவுடர் ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னார். உள்கூரை முழுக்க அதைப் பூசி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். வெளியே நான் ஹோஸால் தண்ணீர் அடிக்க வேண்டும். ரேணிகுண்டா வெயிலில், காற்றில்லாத வேனுக்குள், அரை மணி நேரம். தலை முதல் கால்வரை வெள்ளையாக அவர் இறங்கியபோது, டிராக்டரோடு வந்திருந்த ஏர்பேடு விவசாயி ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். பவுடரில் ஒரே ஒரு ஈரக் கோடு விழுந்திருந்தது. கூரைத் திறப்பைக் கழற்றி, திரும்பவும் முதலிலிருந்து வேலை. கடைசியில் அந்த வார்த்தை வந்தது: காயட்டும். ஐந்து நாள்.

மூன்றாம் நாள் எங்கள் கல்யாண நாள். புத்தலப்பட்டில் நண்பரின் மாந்தோப்பில் தங்குவதாக ஏற்பாடு. மேஸ்திரி சாப்பிடப் போன நேரம் பார்த்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, என் வேனை நானே திருடிக்கொண்டு வந்தேன். அவர் சரியென்று சொல்லிவிட்டதாக ராஜேஸ்வரியிடம் புளுகினேன்.

தோப்பில் வேனை நிறுத்தியதும் வானம் இருட்டியது. முதல் தூறல் விழுந்தபோது நான் கூரையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தூறல் வலுத்தபோது கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், சொட்டச் சொட்ட மேஸ்திரி நிற்கிறார். பின்னால் அவருடைய மொபெட், அதில் கட்டிய தார்ப்பாய். தோப்பைப் பற்றி நான்தான் அவரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

"பசை இன்னும் பச்சையா கீது சார்," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

தார்ப்பாயைக் கூரைமேல் இழுத்துக் கட்டிவிட்டு உள்ளே வந்தார். ராஜேஸ்வரி துண்டும் சூடான உப்புமாவும் கொடுத்தாள். கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சாப்பிட்டார். ஒரு சொட்டும் விழவில்லை. அதற்குள் என் திருட்டு முழுசாக வெளியே வந்துவிட்டது.

"அண்ணா, இவரையும் சீட்டோட வெச்சு ஒட்டிடுங்க," என்றாள்.

மேஸ்திரி அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு யோசித்தார். "கஷ்டம்மா. சார் ஆடிக்கினே இருக்கற ஆளு. ஆடற எடத்துல கெட்டிப் பசை வெடிச்சிடும்."

அவள் சிரித்த சிரிப்பில் வேன் பிழைத்தது.

முட்டி வலியால் ஏணி ஏற முடியாமல், இரண்டு வருஷத்துக்கு முன் மேஸ்திரி பட்டறையை மூடிவிட்டு நகரி பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். ஆனாலும் நாங்கள் இருக்கும் திருப்பதியில் மழை என்று கேள்விப்பட்டால் போன் வரும். வேன் உள்ளே காய்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

போன மாதம் நாலு நாள் விடாத மழை. போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். என்னவோ தோன்றி, உங்கள் வீடு ஒழுகுகிறதா என்று கேட்டேன். 

"மூணு எடத்துல சார்," என்றார், கூச்சத்தோடு.

நான் போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தபோது, ராஜேஸ்வரி எங்கள் ஏணியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.