டோலெஃப் நீட்டிய விரல்

ஆர்லன் ஸ்டென்ருட் அந்தச் சபதத்தைக் காபிக் கடையில் வைத்துப் போட்டிருக்கக் கூடாது. நெட்டில் லேக் ஊரில் அதைவிட மோசமான இடம் கிடையாது. அங்கே ஒருவன் தும்மினால், அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று அவன் மனைவிக்கு நாலு போன் வந்துவிடும்.

"இந்த வருஷம் நம்ம டீம் கேட்சர் யாருன்னு நான் எழுதுறது பலிக்கலேன்னா, சீசன் முழுக்க டீம் துணியை நானே துவைக்கிறேன். எழுதுறதையும் அன்னையோட விட்டுடறேன். போதுமா?"

"காலுறையுமா?" என்று கேட்டார் லைல். லைல்தான் நெட்டில் லேக் ஆந்தைகள் பேஸ்பால் அணியின் மேனேஜர். ஆர்லனுக்கு எதிர்வீடும் அவரே.

"காலுறையும்தான்!"

கடையில் கரண்டிச் சத்தம்கூட நின்றது. ஆந்தைகளின் காலுறைகளைப் பற்றி ஊரில் அறியாதவர் யாருமில்லை.

ஆர்லனுக்குத் தொழில் காப்பீடு. யார் எப்போது விழுவார்கள், யார் வீடு எப்போது எரியும் என்று கணக்குப் போட்டே பழகியவன். ஏரி உறைந்து அதன்மேல் லாரி ஓடுகிற பிப்ரவரியில், மற்றவர்கள் பனியில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். ஆர்லன் ஊர் வாரப் பத்திரிகையில் வரப்போகும் சீசனின் கேட்சரை, அதாவது மட்டையடிக்கிறவனுக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கிறவனை, கணித்து எழுதுவான். அதற்கென்று ஒரு சூத்திரமே வைத்திருந்தான். வயது, முழங்கால், போன வருஷம் கோட்டைவிட்ட பந்துகள், கடைசியாக 'மனைவிக் கழிவு'. கல்யாணம் ஆன கேட்சர் என்றால், மனைவி விடமாட்டாள் என்று மூன்றில் ஒரு பங்கு ஆட்டத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது அவன் சித்தாந்தம்.

சூத்திரம் அருமையானது. ஒருமுறைகூடப் பலித்ததில்லை, அவ்வளவுதான். முதலில் அவன் எழுதியவனுக்குக் கட்டைவிரல் முறிந்தது. அடுத்தவன் ஃபார்கோவுக்குக் குடிபோனான். போன வருஷம் எழுதப்பட்டவன் பத்திரிகை வந்த அதே வாரம் பாதிரியார் படிப்பில் சேர்ந்துவிட்டான். இப்போதெல்லாம் ஆர்லன் நோட்டும் கையுமாக வந்தால், "என் பேரை மட்டும் எழுதிடாதப்பா, எனக்குச் சின்னக் குழந்தைங்க இருக்கு" என்று வாட்டசாட்டமான ஆட்கள் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்கள்.

"ஆளே இல்ல பிரிட்டா," என்றான் அன்று ராத்திரிச் சாப்பாட்டில், மனைவியிடம். "ஒருத்தனுக்கு முட்டி போச்சு. இன்னொருத்தன் பந்து வந்தா கண்ணை மூடிக்கிறான்."

"ஏன், நான் இருக்கேனே."

ஆர்லன் சிரித்த சிரிப்பில் பால் மூக்கு வழியாக வந்தது. "உனக்கு மனைவிக் கழிவு போட்டா என்ன மிஞ்சும்? நீயே மனைவி!"

பிரிட்டா சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் ஐந்து வருஷம் பேஸுக்குப் பின்னால் குந்தியிருந்தவள் அவள். அதைச் சொல்லவும் இல்லை. உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் வேகவைத்த பாத்திரத்தின் அடியில் தீய்ந்த பகுதியாகப் பார்த்துச் சுரண்டி அவன் தட்டில் வைத்தாள்.

"செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் நான் இருக்கமாட்டேன். சர்ச்சுல மெத்தை தைக்கிற வேலை இருக்கு," என்றாள்.

"போயிட்டு வா, போயிட்டு வா," என்றான் ஆர்லன் பெருந்தன்மையாக.

அவர்கள் குடியிருந்தது டோலெஃப் மோவின் வீடு. டோலெஃப் ஆந்தைகளின் பழைய கேட்சர். அந்த ஊர் கண்ட கேட்சர்களிலேயே பெரியவர். செத்ததும் வேலையில் இருக்கும்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசி இன்னிங்ஸில் பேஸுக்குப் பின்னால் குந்தினார், விரலை நீட்டி எந்தப் பந்து போட வேண்டும் என்று காட்டினார், அப்படியே போய்விட்டார். யாருக்கும் தெரியவில்லை. பந்து அவர் கையுறையில் வந்து விழுந்தது, நடுவர் ஸ்ட்ரைக் என்று கத்தினார், பந்து போட்ட பிட்சர் அது திரும்பி வரும் என்று காத்துக்கொண்டே நின்றான். அந்தக் கையுறையை உறவுக்காரர்கள் யாரும் தொட விரும்பவில்லை. வீட்டை விற்றபோது அதை நிலவறைச் சுவரில், ஆணியில் தொங்கியபடியே விட்டுப்போனார்கள். ஆர்லனும் தொட்டதில்லை. சட்டை தொங்கவிட அந்தச் சுவரில் வேறு ஆணி அடித்துக்கொண்டான்.

சபதம் போட்ட அடுத்த வாரம், பாய்லர் முனகுகிறதே என்று நிலவறைக்கு இறங்கினான். ஆணி காலியாக இருந்தது.

கையுறை உறைபெட்டியின் மேல் கிடந்தது. உள்ளே ஒரு பந்து. சுற்றிலும் சணல் கயிறு, இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. சீசனுக்குத் தயாராகிற கேட்சர்கள் கையுறையை வடிவுக்குக் கொண்டுவர அப்படித்தான் கட்டிவைப்பார்கள். தோலில் புது எண்ணெய் வாசனை. முப்பது வருஷமாக விறைத்துக் கிடந்த தோல், வெண்ணெய் போல வளைந்தது.

ஆர்லன் கயிற்றைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டான். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தான். உள்ளே சூடாக இருந்தது. பாய்லர் சூடு இல்லை. இப்போதுதான் ஒரு கை அதிலிருந்து எழுந்து போயிருக்கிற சூடு.

"பிரிட்டா! அந்தக் கையுறையைத் தொட்டியா?"

மேலேயிருந்து பதில் வந்தது: "எனக்கு எதுக்கு? எண்ணெய்ப் பிசுக்கு!"

எண்ணெய் போட்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க ஆர்லனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு அப்போது படியேறுவது ஒன்றே குறியாக இருந்தது.

அதற்குப் பிறகு வீடு சரியில்லை. கையுறை ஒருநாள் ஆணியில் இருக்கும், மறுநாள் பெட்டிமேல் இருக்கும். முடிச்சு மட்டும் எப்போதும் ஒரே மாதிரி. பனி பெய்து ஊரே காது அடைத்ததுபோல் கிடக்கும் சாயங்காலங்களில், தூரத்தில் எங்கோ 'தப்' என்று பந்து தோலில் விழும். பிப்ரவரியில், இடுப்பளவு பனியில், யார் பந்து பிடிப்பார்கள்? ஆர்லன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். சத்தம் பாட்டுக்கு நடுவிலும் கேட்டது.

பயத்துக்கு நடுவிலும் அவன் மூளை வேலை செய்தது. லைல் ரகசியமாக ஒரு கேட்சரைத் தயார்செய்கிறார்! எதிரே இருக்கும் அவருடைய பழைய கொட்டகையில்தான் இது நடக்கிறது! அந்த ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் பேரை எழுதிவிடலாம், துணி துவைக்க வேண்டாம். ஒரு ஞாயிறு பொழுது சாயும் நேரத்தில் சாலையைக் கடந்து போனான். பனியில் வேறு காலடித் தடமே இல்லை என்பதைக் கவனித்தான். கவனித்தும் போனான்.

கொட்டகைக் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று பார்த்தான். உள்ளே அரையிருட்டு. அடுத்த கோடியில் ஒருவர் குந்தியிருந்தார்.

முகக்கவசம் போட்டிருந்தார். கம்பிகளுக்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு இருந்தது. ஆர்லனின் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. எதிரே இருந்தவரிடமிருந்து புகை வரவில்லை.

"லைல்?" என்றான். குரல் ஆட்டுக்குட்டிக் குரலாக வந்தது.

குந்தியிருந்தவர் தொடைகளுக்கு நடுவே ஒற்றை விரலைக் கீழே காட்டினார். பிறகு கையை மெதுவாக உயர்த்தி, அதே விரலை நேராக ஆர்லனை நோக்கி நீட்டினார்.

'தப்'.

பந்து எதுவும் வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

ஆர்லன் எப்படிச் சாலையைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. எதிரே தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் மஞ்சளாக எரிந்தது. அதில் பிரிட்டா தெரிந்தாள். அதைப் பார்த்துத்தான் ஓடினான். உள்ளே வந்து விழுந்தபோது அவள் சிங்க் முன்னால் நின்று, ஒரு கிண்ணம் ஐஸில் இடது கையை முக்கிவைத்திருந்தாள். உள்ளங்கை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"கையில என்ன?" என்றான் இளைத்தபடி.

"ஊசி குத்திடுச்சு."

"அவ்ளோ பெருசாவா?"

"பெரிய மெத்தை. நீ என்ன பேயைப் பாத்த மாதிரி நிக்கிறே?"

"பாத்துட்டேன்! டோலெஃப்! என்னைப் பாத்து விரலை நீட்டினாரு!"

பிரிட்டா அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு யோசனை வந்து உட்கார்ந்தது.

"கேட்சர் யாருன்னுதானே இத்தனை நாளா கேட்டுக்கிட்டிருந்தே. அவரு சொல்லிட்டாரு. உன்னைத்தான் காட்டியிருக்காரு, மகராசா."

"என்னையா? எனக்கு நாப்பத்தாறு வயசு. முட்டி கதவுக் கீல் மாதிரி கத்துது."

"செத்தவங்க பொய் சொல்வாங்களா? அப்புறம் உன் இஷ்டம். துவைக்கிறதுன்னா சோப்பு அந்த அலமாரியில இருக்கு."

ஆர்லன் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முதலில் பயமாக இருந்தது. விடியும்போது பெருமையாக இருந்தது. மனிதர்கள் யாரும் அவனை இதுவரை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. அந்த வாரப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது: 'இந்த சீசன் ஆந்தைகளின் கேட்சர் ஆர்லன் ஸ்டென்ருட்.' தனக்கு மனைவிக் கழிவு போடவில்லை. தன் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை என்று அடிக்குறிப்பும் கொடுத்திருந்தான்.

காபிக் கடையில் இரண்டு பேருக்குப் புரையேறியது. லைல் மட்டும் சிரிக்காமல் கை கொடுத்தார். "ஏப்ரல் கடைசியில தேர்வு வச்சிருக்கேன். வந்துடுப்பா," என்றார்.

ஆர்லன் பயிற்சி செய்தான். குளியலறையில் குந்தி எழமுடியாமல் போக, பிரிட்டா வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். அவள் கை எப்போது இவ்வளவு வலுவானது என்று அவன் வியந்தான். மெத்தை தைப்பது நல்ல உடற்பயிற்சி போலிருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டான். டோலெஃபின் கையுறையைப் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை. புதிதாக ஒன்று வாங்கினான்.

ஏரி உருகிய ஏப்ரல் கடைசியில் ஊரே மைதானத்துக்கு வந்தது. மாரில் தடுப்பு, காலில் தடுப்பு, தலையில் கவசம் எல்லாம் பூட்டிக்கொண்டு ஆர்லன் பேஸுக்குப் பின்னால் குந்தினான். முதல் பந்து வந்தது. ஆர்லன் கண்ணை மூடிக்கொண்டான். பந்து பின்வேலியில் போய் மோதியது. அதை எடுக்க எழப் பார்த்தான். எழவில்லை. இடுப்பில் ஏதோ ஒன்று 'முடியாது' என்று சொல்லிவிட்டது. இரண்டு பேர் வந்து, அவனைக் குந்திய வாக்கிலேயே நாற்காலியைத் தூக்குவதுபோல் தூக்கி, பெஞ்சில் கொண்டுபோய் வைத்தார்கள்.

"அடுத்த ஆள்!" என்று கத்தி விசிலடித்தார் லைல்.

லைலின் லாரிக்குப் பின்னாலிருந்து ஒருவர் முகக்கவசத்தோடு நடந்து வந்தார். பேச்சில்லை. குந்தினார். ஆர்லன் அவர் கையைப் பார்த்தான். அந்தக் கையுறை டோலெஃபுடையது. பந்து வந்தது.

'தப்'.

குளிர்காலம் முழுக்கக் கேட்ட அதே சத்தம். ஒரு பந்துகூடத் தவறவில்லை. கடைசிப் பந்தைப் பிடித்துவிட்டு எழுந்தவர் முகக்கவசத்தைக் கழற்றினார். வேர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கிக்கொண்டு பிரிட்டா நின்றாள். ஊர் எழுந்து கைதட்டியது. ஆர்லனால் எழமுடியவில்லை. அதற்கு இடுப்பு மட்டும் காரணம் இல்லை.

பிரிட்டா டீம் துணிமூட்டையோடு வீடு திரும்பினாள். ஆர்லன் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு வந்து சேர்ந்தான்.

"லைலுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நீ சபதம் போட்ட மறுநாள்லேருந்து. சர்ச் நிலவறையிலதான் பிராக்டிஸ். உன்கிட்ட முதல்லயே கேட்டேன். நீ பாலை மூக்குல விட்டே."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "சரி, தப்புதான்," என்றான், நிஜமாகவே. "ஆனா என்ன பயம் காட்டிட்டே! கயிறு, பந்து, எண்ணெய்..."

"கயிறும் பந்தும் நான். எண்ணெய் நீ போட்டதுன்னு நெனச்சேன்."

"நானா? நான் தொடவே இல்லையே!"

பிரிட்டா மேசைமேல் கிடந்த கையுறையைப் பார்த்தாள். "முதல் நாள் நான் எடுத்தப்பவே எண்ணெய் போட்டு பளபளன்னு இருந்துச்சே. உள்ள கை விட்டேன், சூடா இருந்துச்சு. நீதான் திருட்டுத்தனமா மாட்டிப் பாத்திருக்கேன்னு சிரிச்சுக்கிட்டேன்."

ஆர்லன் மேசையிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"கொட்டகையில குந்தியிருந்தது நீதானே?" என்றான் ஆர்லன். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"நான் இந்த ஜன்னல்கிட்ட நின்னேனே. நீதானே பாத்துக்கிட்டே ஓடி வந்தே. நீ பயந்து உளர்றேன்னுதான் உன் பேரைச் சொல்லிவிட்டேன். நீ எழுதுற பேரு பலிக்காதே, என் பேரை எழுதாம இருந்தா எனக்குப் போதும்."

ஆர்லன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். சாலைக்கு அந்தப் பக்கம் கொட்டகை வாசல் நேர் எதிரே வாயைத் திறந்துகொண்டு நின்றது. நேர் கோடு. நடுவில் ஒரு ஆள் நின்றால்தான் மறைக்கும்.

பிரிட்டாவும் பார்த்தாள். "அவரு உன்னைக் காட்டல ஆர்லன்," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நீ குறுக்கே நின்னுக்கிட்டிருந்தே."

இருட்டத் தொடங்கியிருந்த கொட்டகைக்குள்ளிருந்து, நிதானமாக, திருப்தியாக, ஒரே ஒரு சத்தம் வந்தது.

'தப்'.

பிரிட்டா கையுறைக்குள் கையை விட்டாள். எடுக்கவில்லை. அது சூடாக இருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பிறகு சமையலறை நடுவில் குந்தினாள். மறுகையின் ஒற்றை விரலைத் தொடைகளுக்கு நடுவே காட்டினாள். மூட்டையிலிருந்து பிதுங்கிய காலுறைகளைக் காட்டினாள். அப்புறம் அந்த விரலை நேராக ஆர்லனை நோக்கி நீட்டினாள்.

கேட்சர் விரல் காட்டிக் கேட்கும் பந்து தங்களுக்குப் பிடிக்காவிட்டால் பிட்சர்கள் தலையாட்டி மறுப்பார்கள். ஆர்லனும் மறுத்தான். விரல் இறங்கவில்லை.

தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று ஆர்லன் ஆசையோடு திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.