மூச்சு விடுகிற வேலி

"வேலி நடக்குதோ பிள்ளை?"

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், மேற்பார்வையாளர் கலாநிதி சுதாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார். கஜந்தினியின் ஒரு வருட ஆராய்ச்சி அங்கே ஒரு கோடாக நெளிந்து கிடந்தது.

"நடக்கேல்லை சேர். போய்ப் போய்த் திரும்பி வருது."

"அப்ப மூச்சு விடுது எண்டு சொல்லும்."

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

கஜந்தினி எழுதிய மென்பொருள் ஒரு படத்தைப் பார்த்து, இது முற்றம், இது ஒழுங்கை, இது தோட்டம் என்று இடத்தை அடையாளம் காணும். பிறகு அந்த இடத்தில் எது எவ்வளவு அசைந்தது என்று அளந்து சொல்லும். ஆட்கள் குறுக்கே நிற்கும் படங்களை, இடத்தை மறைக்கிறார்கள் என்று அதுவே கழித்துவிடும். தன் வீட்டுச் சுவரில் கமரா பூட்டி ஒரு வருடமாக முற்றத்தைப் படம் பிடித்திருந்தாள். கோழி, சைக்கிள், கொடியில் காயும் சேலை எல்லாம் சரியாக வந்தன. பக்கத்து வளவுக்கும் தங்கள் வளவுக்கும் நடுவில் நின்ற தகரவேலிதான் காலை வாரியது. அது வருடத்தில் ஆறு தடவை ஒரு சாண் கிழக்கே போய், ஆறு தடவையும் திரும்பி வந்திருப்பதாக மென்பொருள் அடித்துச் சொன்னது.

"அசையாத சாமானை அசையுது எண்டு சொல்லுற மெசினோடை திங்கக்கிழமை ஆய்வுக் குழுவுக்கு முன்னாலை நிக்கேலாது. உதைத் திருத்தும். இல்லாட்டி தலைப்பை மாத்தும்."

"மெசின் சரி சேர். உலகந்தான் பிழை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை.

கமரா ஆடியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் கிணற்றுக்கட்டிலிருந்து அளந்தாள். கிணறு ஒரு நூல்கூட நகரவில்லை. வேலியோ ஒரு சாண்கூட இல்லை, ஒரு சாணும் நாலு விரலும் நகர்ந்திருந்தது.

அடுத்ததாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தாள்களை வேலி நீளத்துக்கு ஒட்டினாள். பக்கத்து வளவு நமசிவாயத்தின் தலை தகரத்துக்கு மேலே எழுந்தது.

"என்ன பிள்ளை, வேலிக்குச் சட்டை தைக்கிறியோ?"

"வேலி அசையுதோ எண்டு பாக்கிறன் மாமா. ஒரு வருசப் படம் முழுக்கக் கிடக்கு."

தலை சட்டென்று இறங்கியது. அந்தப் பக்கம் அவர் யாருடனோ போனில் குசுகுசுப்பது கேட்டது.

அம்மா குணலட்சுமி உலைமூடியோடு வெளியே வந்தாள். மூன்று வருடத்துக்கு முந்திய புயலில் பழைய கிளுவை வேலி சாய்ந்து, தகரம் அடித்த நாளிலிருந்து அவளுக்கும் நமசிவாயத்துக்கும் பேச்சில்லை.

"எடி விசரி, உந்தப் படங்களை அழி. ஊர் சிரிக்கும்."

"அழிக்க மாட்டன்."

"கலியாணம் கட்டுற வயசிலை மாப்பிளையைப் பாக்காமல் வேலியைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"

"வேலியெண்டாலும் உண்மை சொல்லுதம்மா."

அம்மா போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கலியாணத் தரகருக்குத்தான் என்று கஜந்தினி பல்லைக் கடித்தாள். கடித்த பல்லோடு சேருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள்: 'நாளைக்கு வந்து நீங்களே அளந்து பாருங்கோ.'

சனிக்கிழமை காலை சேர் அளவுநாடாவோடு வந்து இறங்கினார். நாடாவின் நுனியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாரோ இல்லையோ, அம்மா ஓடி வந்தாள்.

"வேலி ஒரு நாளும் அசையேல்லை சேர்!"

"ஓம் ஓம், ஒரு நாளும் அசையேல்லை!" என்று வேலிக்கு மேலே நமசிவாயத்தின் தலை சொன்னது. "தங்கச்சி சொல்லுறது முழு உண்மை."

"அண்ணை பொய் கதைக்கிற ஆளில்லை" என்றாள் அம்மா.

மூன்று வருடப் பகை ஒரே குரலில் பேசியதைக் கேட்டுக் கஜந்தினிக்கு வாய் மூடவில்லை. சேர் நாடாவைச் சுருட்டினார்.

"இரண்டு வளவும் சாட்சி சொல்லுது பிள்ளை. தலைப்பை மாத்துவம்."

"மாத்த மாட்டன் சேர். முழு ஊரும் வந்து சத்தியம் பண்ணினாலும், வேலி அசைஞ்சது அசைஞ்சதுதான்!"

அப்போது வாசல் படலையில் ஒரு சைக்கிள் சாய்ந்தது. வேலி அடைக்கிற நாகலிங்கம் குழி தோண்டும் அலவாங்கைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்தார். தகரத்துக்கு மேலே நின்ற தலையைப் பார்த்தார். பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"எப்பவும் மாறி மாறித்தானே கூப்பிடுவியள், இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னா, நான் வேலியை எந்தப் பக்கம் தள்ளுறது?"