காப்பியில் கலந்த குவைத்து

தூத்துக்குடி,
ஜனவரி 1974.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் தேவபிரசாதத்துக்கு, அத்தான் கிருபாநிதி எழுதுவது. அவர் காவலால் இங்கே நலம். எண்ணெய்க் கம்பெனிக் குமாஸ்தாவாகிய நீயும் அந்தக் குவைத்து மணல்காட்டில் நலமாயிருப்பாயாக. உன் அக்காள் ஜீவமணி மட்டும் என்னோடு பேசுவதில்லை. காரணம் உங்கள் ஷேக்.

நீங்கள் அங்கே விலையை ஏற்றினாலும் ஏற்றினீர்கள், இங்கே மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நிற்கிறது. வல்லரசுகளே எண்ணெயைச் சேர்த்து வைக்கும்போது, பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருக்கலாமா? மகள் கிரேசியின் கல்யாணப் பந்தலில் பெட்ரோமாக்ஸ் எரிய வேண்டுமே என்று மண்ணெண்ணெய்க் கடைப் பேச்சிமுத்து அண்ணாச்சியின் கையைக் காலைப் பிடித்து இரண்டு டின் வாங்கினேன். டின்னைக் கண்டால் தெருவே பாட்டிலோடு வந்து நிற்கும். நம் ஊரில் குடிதண்ணீருக்கு வீட்டுக்கு வீடு டிரம் இருக்கிறதே, அதில் ஒன்றில் ஊற்றி மூடிவிட்டேன். ராணுவ ரகசியம் ஆகையால் உன் அக்காளிடமும் சொல்லவில்லை. பிறகு மனசு கேளாமல் டின்னுக்கே மாற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளி, டிரம்மைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேய்த்தது போதவில்லை. ஜலதோஷம் பிடித்திருந்த உன் அக்காள் அதிலேயே தண்ணீர் பிடித்து, நேற்று வந்த சாத்தான்குளத்துச் சம்பந்தி ஜேசுபாதத்துக்குக் காப்பியும் போட்டுவிட்டாள்.

ஒரு வாய் குடித்தவர், "என்ன சம்பந்தி, மண்ணெண்ண வாட அடிக்கி?" என்றார். நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனிதர் தம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"நீங்க ஒலகத்தக் காப்பாத்துனது போதும். எங்கிட்டப் பேசாதீய!" என்றாள் உன் அக்காள். கிரேசி அழுகிறாள், அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை. அதற்குள் கல்யாணம் நின்றால் எந்த முகத்தோடு நான் பெஞ்சில் உட்காருவேன்? ஆகையால் நீ உடனே ஷேக்கைப் பார்த்து, விலையை இறக்கச் சொல். அப்படியே, குற்றம் தம்முடையது, வாத்தியார் அப்பாவி என்று சம்பந்திக்கு அவர் கையால் ஒரு வரி வாங்கி அனுப்பு.

உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்களோடும், உங்கள் ஷேக்கோடும் இருப்பாராக.

இப்படிக்கு,
கிருபாநிதி

பி.கு.: உறையை ஒட்டும்போது சம்பந்தியே வந்துவிட்டார். நேற்று அவர் கோபத்தில் போகவில்லையாம், சம்பந்தி அம்மாளிடம் சொல்ல ஓடினாராம். "நாடே ஒரு சொட்டுக்கு அலையுது, இவுக தண்ணி டிரம்முலயே ஊத்தி வைக்காவன்னா எம்புட்டு வசதி இருக்கணும்!" என்று ஊர் பூராவும் சொல்லியாயிற்றாம். நகை முன்பின் இருந்தாலும், சீர்வரிசையில் முதலில் ஒரு டின் மண்ணெண்ணெய் வர வேண்டுமாம். கிரேசி சிரிக்கிறாள். ஆகையால் ஷேக்கிடம் மூச்சு விடாதே. அவரே விலையை இறக்க வந்தாலும் காலில் விழுந்தாவது தடுத்து வை. தாலி ஏறட்டும்.